முதலில் மக்களைக் கேட்போம்

1978ஆம் ஆண்டு அல்மா-அட்டா நகரில் கூடிய உலக நாடுகள், தமது சுகாதாரப் பணிகளைத் திட்டமிடுவதிலும் நிறைவேற்றுவதிலும் பங்குகொள்வது மக்களின் உரிமையும் கடமையும் எனப் பிரகடனம் செய்தன. கிராமங்களில் பணிபுரியும் நாம் இதனைப் பலமுறை எடுத்துரைத்துள்ளோம். சுகாதாரத் தகவல்கள் இணையத்தளங்களுக்கு இடம்மாறியுள்ள இக்காலத்தில் அந்த உரிமை எங்கே நிற்கின்றது?

சாய்ந்தமருதிலே பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட ஒரு தாயை நினைத்துப் பார்ப்போம். மாரி மழை ஓய்ந்த காலம். டெங்குவாக இருக்குமோ என்ற பயம். கையிலே தொலைபேசி இருக்கின்றது. அவருக்கு வேண்டியவை இரண்டே விடைகள். எமது ஊரில் டெங்கு பரவுகின்றதா? பிள்ளையை எப்போது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்?

தொற்றுநோயியல் பிரிவு வாரந்தோறும் வெளியிடும் அறிக்கை ஆங்கிலத்தில் உள்ளது. அதில் அம்பாறை என்ற வரியைத் தேடிப் பிடித்தாலும் அவருடைய ஊர் அதனுள் இல்லை. நாட்டின் நிர்வாக மாவட்டங்கள் 25. சுகாதாரப் பிராந்தியங்களோ 26. பெரியநீலாவணை முதல் பொத்துவில் வரையான கரையோரம் கல்முனைப் பிராந்தியமாகத் தனியே கணக்கிடப்படுகின்றது. நிர்வாகத்துக்கு இது நல்ல ஒழுங்கே. ஆனால் இதனை அறியாத தாய் வேறு ஊர்களின் எண்ணிக்கையைப் பார்த்து நிம்மதி அடையக்கூடும்.

இரண்டாவது விடை உயிர் சம்பந்தமானது. டெங்கு நோயில் காய்ச்சல் குறையும் வேளையே ஆபத்து மிகுந்த வேளை. வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, இரத்தக் கசிவு, கைகால் குளிர்தல் என்பன கண்டால் தாமதிக்கலாகாது. அஸ்பிரின், இபுபுரோபன் கொடுக்கலாகாது. பக்கத்தைத் திறந்தவுடன் கண்ணில் படவேண்டியது இதுவே. திணைக்களத்தின் நோக்கங்களும் விழாப் படங்களும் பின்னர் வரட்டும்.

தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தால் போதாதா எனச் சிலர் கேட்பர். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அந்த உரிமை பெரிது. ஆயினும் சீனி வருத்தம் என்று சொல்லும் மக்களுக்குச் சலரோகம் என்று மட்டும் எழுதிவைத்தால் அது அவர்களை எட்டாது. 2012இல் பிரித்தானிய அரசு தன் இணையச் சேவைகளை ஒரே தளத்தில் சேர்த்தபோது, பயன்படுத்துவோரின் தேவையிலிருந்தே தொடங்கவேண்டும் என்பதை முதற் கொள்கையாக வகுத்தது. இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. கிளினிக்குக்கு வரும் தாய்மார் சிலரிடம் தொலைபேசியைக் கொடுத்து, எங்கே தடுமாறுகின்றார்கள் என்று அருகிருந்து பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கேளாமையின் விலையை இக்கரையோரம் நன்கு அறியும். கொவிட்டால் இறந்தோரை அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சில் கூறியிருந்தும், அவ்வாண்டு ஏப்ரலில் தகனம் கட்டாயமாக்கப்பட்டது. ஆதாரம் என்ன என்று முஸ்லிம் சகோதரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தனர். 2021 பெப்ரவரியில்தான் அது மாற்றப்பட்டது. இவ்வாறு காயப்பட்ட மக்களிடம் இனி எந்தச் சுகாதாரச் செய்தியைக் கொண்டுசெல்வதாயினும், முதலில் அவர்கள் சொல்வதைக் கேட்டாக வேண்டும்.

இதில் நமக்கும் பங்குண்டு. குடும்பநல உத்தியோகத்தர், பள்ளிவாசல் நிர்வாகிகள், மீனவர் சங்கத்தார், நமது பங்கு இளைஞர்கள் ஒன்றாக அமர்ந்து மக்களின் கேள்விகளைத் திரட்டி, கல்முனைப் பிராந்திய சுகாதாரப் பணிமனையிடம் கையளிக்கலாம். தொலைபேசி இல்லாதோருக்கு அதே செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒலிக்கட்டும்.

எரிக்கோ வழியோரம் இருந்த பார்வையற்றவனின் குறை இயேசுவுக்குத் தெரியாததன்று. ஆயினும் என்ன வேண்டும் என்று அவனிடமே முதலில் கேட்டார். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.