ஞாயிற்றுக்கிழமைகளின் கணக்கு

சதுரங்கப் பலகையில் நெல் வைத்த கதையை நேயர்கள் பாட்டியிடம் கேட்டிருப்பார்கள். முதற் கட்டத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால், அறுபத்து நான்கு கட்டங்கள் முடிவதற்குள் அரசனுடைய களஞ்சியம் காலியாகிவிடும். அந்தப் பலகையில் இன்னும் மூன்று கட்டங்களை நாம் கூட்டிக்கொள்வோம். அறுபத்தேழு கட்டங்களிலும் சேரும் நெல்மணிகள் 14,75,73,95,25,89,67,64,12,927. இந்த எண்ணுக்கு ஒரு சரித்திரம் உண்டு.

1644-ஆம் ஆண்டில் மெர்ஸென் என்னும் பிரான்ஸ் தேசத்துப் பாதிரியார் ஒரு ஜாபிதா வெளியிட்டார். இவ்விதம் இரட்டித்துக் கூட்டிவரும் எண்களில், ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதமின்றி வகுபடாத பகா எண்கள் இன்னின்னவை என்பது அந்த ஜாபிதா. நம்முடைய எண்ணும் அதில் இடம் பெற்றிருந்தது. நிரூபணம் எதையும் அவர் தரவில்லை. ஆயினும் பெரியவர் வாக்கல்லவா? இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அதைப் பொய்யென்று காட்டுவார் இல்லை.

1876-இல் அதே தேசத்துக் கணித அறிஞர் லூக்கா ஒரு நூதனமான சோதனையினால் இது பகா எண் அன்று என்று சாதித்தார். ஆனால் எந்த எண்கள் அதை வகுக்கும் என்பதை அச்சோதனை சொல்லவில்லை. களவு போனது நிச்சயம். கள்வன் மட்டும் அகப்படவில்லை!

1903 அக்டோபரில் நியூயார்க் நகரில் அமெரிக்கக் கணித சங்கம் கூடியிருந்தது. பிராங்க் நெல்ஸன் கோல் என்னும் பேராசிரியர் எழுந்தார். வாய் திறவாமல் கரும்பலகையை அணுகினார். ஒரு பக்கத்தில் இரட்டித்துச் சென்று, ஒன்றைக் கழித்து, நமது எண்ணை எழுதினார். மறுபக்கத்தில் 19,37,07,721 என்பதை 7,61,83,82,57,287-ஆல் பெருக்கினார். இரு விடைகளும் ஒன்றாயின. ஒரு வார்த்தையும் பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டார். சபையில் கரகோஷம் எழுந்தது. இதைக் கண்டுபிடிக்க எத்தனை காலம் ஆயிற்று என்று பின்னர் ஒருவர் கேட்டதற்கு, "மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்" என்று அவர் பதிலளித்ததாகச் சொல்வார்கள்.

நேயர்களும் சற்றே பரீட்சை செய்யலாம். முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 37, அதையும் கூட்ட 10, முடிவில் 1. இரண்டாவதில் 64, 10, 1. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்று. பெரிய எண்ணில் 109, 10, 1. பொருந்திவிட்டது! இச்சோதனை பிழையைக் காட்டிக்கொடுக்குமேயன்றிச் சரியென்று ஸ்தாபித்துவிடாது. முழு நிச்சயம் வேண்டுவோர் காகிதமும் பென்சிலும் எடுத்துப் பெருக்கிப் பார்க்க வேண்டியதுதான்.

பெருக்குவது அரைமணி வேலை. பிரிப்பதோ மூன்று வருஷ வேலை. இந்த ஏற்றத்தாழ்வையே பூட்டாக்கி, 1977-இல் அமெரிக்காவில் அறிஞர் மூவர் ஒரு ரகசியக் குறியீட்டு முறையை வகுத்தனர். கோலின் எண்ணை இன்றைய கணினி இமைப்பொழுதில் பிரித்துவிடும். ஆகையால் அந்தப் பூட்டுக்கு அறுநூறு இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்களை இன்று எடுத்துக்கொள்கிறார்கள்.

பெரியவர் சொன்னதை மறுக்கக் கோல் ஒரு சொல்லும் செலவிடவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டார். நம்மில் பலர் செய்வது இதற்கு நேர் மாறு என்பதை நினைக்கும்போது நமக்குச் சிறிது வெட்கமாகவே இருக்கிறது.