சயாம் மரண ரயில்: போர்க்கைதிகளுக்கு அட்டை இருக்கு... தமிழர்களுக்கு ஏன் இல்லை?

லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிடம் சிக்கிய போர்க்கைதிகளின் பதிவு அட்டைகள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. பெயர், படைப்பிரிவு, பிடிபட்ட நாள் என எல்லாமே அதில் உண்டு. அட்டையின் குறுக்கே சிவப்புக் கோடு இருந்தால், அந்தக் கைதி உயிரோடு வீடு திரும்பவில்லை என்று அர்த்தம்.

ஆனா, அதே ரயில்பாதையில் செத்துப்போன தமிழ்த் தொழிலாளர்களுக்கு அந்தச் சிவப்புக் கோடுகூட இல்லை.

என்ன நடந்தது?

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. அதன்பின் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கி.மீ. ரயில்பாதை போடப்பட்டது. 1943 அக்டோபரில் வேலை முடிந்தது. 60,000-க்கும் அதிகமான நேச நாட்டுப் போர்க்கைதிகள் இதில் வேலை வாங்கப்பட்டனர். சுமார் 12,000 பேர் இறந்தனர்.

மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்கள், பர்மியர்கள், ஜாவா மக்கள் எனக் கொண்டுவரப்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 2 லட்சம் பேர். இவர்களில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. இங்கே சரியான கணக்கே கிடையாது.

கைதிகளின் ஆவணங்கள் எப்படித் தப்பின?

ஜப்பானியர் அனுமதித்த, சில வரிகளே கொண்ட அஞ்சல் அட்டைகளைக் குடும்பங்கள் பாதுகாத்தன. ஆஸ்திரேலிய வீரர் ஜார்ஜ் ஆஸ்பினல் முகாமிலேயே ரகசியமாகப் புகைப்படம் எடுத்தார். ஜாக் சாக்கர் ஒளித்து ஒளித்து ஓவியம் வரைந்தார். இறந்தவர்களின் பட்டியலை அதிகாரிகள் மறைத்து வைத்தார்கள். போர் முடிந்ததும் அதை வைத்தே கல்லறைகள் தேடப்பட்டன. காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் இன்று சுமார் 7,000 கல்லறைகள் உள்ளன.

தமிழர்களுக்கு ஏன் இல்லை?

1929 ஜெனீவா ஒப்பந்தம் போர்க்கைதிகளுக்கானது. கூலித் தொழிலாளி அதில் வரமாட்டார். காலரா வந்தபோது, பெயர் எழுதிவைக்க அவர்களிடம் அதிகாரியும் இல்லை, மருத்துவரும் இல்லை. பலருக்கு எழுதப் படிக்கவும் தெரியாது.

மிச்சம் இருப்பது என்ன?

'சயாமுக்குப் போனவர் திரும்பலை' என்ற வீட்டுப் பேச்சுதான். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் போன்றவை அதை எழுத்தில் கொண்டுவந்தன. அன்று பத்து வயதில் இருந்தவருக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், போனவரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் இப்போதே கேட்டு எழுதிவைப்பதுதான் மிச்சமிருக்கும் ஒரே வழி.