கவனமில்லை என்ற முறைப்பாடு

"வகுப்பில் கவனமில்லை" என்று தேர்ச்சி அறிக்கையில் ஆசிரியர் எழுதிவிட்டால் எம்மவர் வீடுகளில் அடுத்து நடப்பது என்ன? யாழ்ப்பாணத்தில் இன்னுமொரு ரியூசன் வகுப்பு. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் கைத்தொலைபேசி பறிமுதல். சில வீடுகளில் இன்றும் பூவரசங் கம்பு. பிள்ளை ஏன் கவனிக்கவில்லை என்று எவரும் கேட்பதில்லை. கவனக்குறைவு ஓர் அறிகுறி. காரணத்தைத் தேடாது தண்டிப்பது, காய்ச்சல்காரனை உடம்பு சுடுகிறதே என்று ஏசுவதற்கு ஒப்பாகும் என்பேன்.

முதலில் காதைப் பாருங்கள். அடிக்கடி தடிமன் பிடிக்கும் சிறுவர்க்கு நடுச்செவியில் நீர் தேங்குவதுண்டு. அந்நாட்களில் செவிப்புலன் மந்தமாகும். நீர் வற்றியதும் தெளியும். ஒரு நாள் கேட்டும் மறுநாள் கேளாமலும் இருப்பதால், வேண்டுமென்றே கேளாதது போல் நடிக்கிறான் என்று பெற்றோர் எண்ணிவிடுகின்றனர். கண்ணும் அப்படியே. கரும்பலகை மங்கலாகத் தெரியும் பிள்ளை, எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்து முறையிடாமலே இருந்துவிடும்.

இரவில் குறட்டை விட்டு, வாயால் மூச்சுவிடும் பிள்ளைக்கு மூக்கின் பின்புறச் சதை வளர்ந்து தூக்கம் கெட்டிருக்கலாம். தூக்கம் போதாத பெரியவர் சோர்ந்து விழுவார்; சிறுவரோ பரபரத்துத் திரிவர். இரும்புச்சத்துக் குறைவும் கவனத்தைப் பாதிக்கும். சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு மீளும் பிள்ளையைப் பகற்கனவு காண்கிறது என்போம். அது வலிப்பு நோயின் ஒரு வகையாகவும் இருக்கக்கூடும்.

அச்சத்தையும் மறக்கலாகாது. போர் 2009இல் முடிந்தது. ஆனால் அதனைக் கண்ட பெற்றோரின் உறக்கமற்ற இரவுகளும், வீட்டுச் சண்டைகளும், பாடசாலையில் படும் கேலியும் பிள்ளையின் மனத்தை வேறெங்கோ நிறுத்திவிடும்.

இவை எதுவுமில்லாத கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறும் உண்டு. அது மெய்யான கோளாறு, வளர்ப்பின் பிழையன்று. மருந்தும் பயிற்சியும் பலன் தரும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட வரையறையின்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். வீடு, பாடசாலை போன்ற இரண்டு இடங்களிலேனும் காணப்பட வேண்டும். ஆகவே பாடசாலையில் மட்டும் கவனம் சிதறும் பிள்ளைக்கு அந்தப் பெயரைச் சூட்ட அவசரப்படாதீர்கள்.

அடுத்த மாத ரியூசன் கட்டணத்தைச் செலுத்துமுன் பிள்ளையை வைத்தியரிடம் அழைத்துச் சென்று காதையும் கண்ணையும் இரத்தத்தையும் சோதிப்பியுங்கள். பிறகு, என்ன நடக்கிறது என்று அந்தப் பிள்ளையிடமே ஆறுதலாகக் கேளுங்கள்.