அறை கேட்டால் கழுத்தைப் பார்க்கிறார்கள்

அடி அண்ணாமலையில் இரண்டு நாள் தங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆய்வேட்டின் நான்காம் இயலை நெறியாளரிடம் ஒப்படைத்த வாரத்தில் அதற்கு வாய்ப்பு வந்தது. பௌர்ணமிக் கூட்டம் இல்லாத சனி, ஞாயிறாகப் பார்த்து இணையரும் விடுப்பு எடுத்தார். திருவண்ணாமலை நகருக்குள் தங்கினால் இரவெல்லாம் பேருந்துச் சத்தம். மலைக்குப் பின்பக்கம், கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை என்றால் விடிகாலையில் ஜன்னலைத் திறந்ததும் மலை தெரியும். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் மலை மலைதான். செயலியில் படங்களைப் பார்த்து, வாடகையை ஒப்பிட்டு, ஒரு சின்ன விடுதியில் முன்பதிவு செய்து பணமும் கட்டிவிட்டோம்.

வரவேற்பு மேசையில் இருந்த தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். எங்கள் ஆதார் அட்டைகள் இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என் முகவரியில் ‘காலனி’ என்று இருக்கிறது. இணையரின் முகவரி ஊர்த்தெரு. அடுத்து அவர் பார்வை என் கழுத்துக்கு வந்தது.

“தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. மேரேஜ் சர்டிபிகேட் இருக்கா?”

இருக்கிறது. மாலை மாற்றிச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டு, அதை முறையாகப் பதிவும் செய்திருக்கிறோம். சான்றிதழின் படம் இணையரின் கைப்பேசியில் இருந்தது. அவர் அதைத் தேட ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

வாசலில் போட்டிருந்த நாற்காலிகளில் ஒரு வெள்ளைக்கார ஜோடி காபி குடித்துக்கொண்டிருந்தது. “அவங்ககிட்டயும் சர்டிபிகேட் கேட்டீங்களா தம்பி?” என்றேன்.

“அவங்க ஃபாரினர்ஸ் அக்கா. பாஸ்போர்ட் பார்த்து சி ஃபார்ம் போட்டா போதும்.”

பிறகு முதலாளிக்குப் போன் போட்டார். எதிர்முனையில் பேசியது எங்களுக்கும் கேட்டது. “எந்த ஊரு, என்ன ஆளுங்கன்னு விசாரி.” தம்பி எங்களை விசாரிக்கவில்லை. அந்த அளவுக்கு அவருக்குக் கூச்சம் இருந்தது. கட்டிய பணம் திரும்ப வந்துவிடும் என்று மட்டும் சொல்லி அட்டைகளைத் திருப்பித் தந்தார். நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

அந்தத் தம்பி மீது எனக்குக் கோபம் இல்லை. நாளைக்கு ஒரு காவலர் வந்து பதிவேட்டைப் புரட்டினால் முதலில் அடி வாங்கப் போகிறவர் அவர்தான். 1956ஆம் ஆண்டின் விபச்சாரத் தடுப்புச் சட்டத்தின் பெயரில் விடுதிகளில் சோதனை நடப்பது உண்டு. சின்ன விடுதிக்காரர்களின் அச்சத்தை முழுக்கப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் அந்த அச்சம் ஏன் வெள்ளைக்கார ஜோடியைப் பார்க்கும்போது வரவில்லை? வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் சி படிவத்தில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குத் திருமணச் சான்று தேவையில்லை. ஒழுக்கம்தான் கவலை என்றால் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். அவர்கள் யாரோடு படுத்தாலும் இந்த ஊரில் எந்தச் சாதியின் வேலியும் சாயப்போவதில்லை. நாங்கள் சேர்ந்து தங்கினால் சாயும். அதனால்தான் கேள்வி எங்களுக்கு மட்டும் வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தாலி இல்லாமல், மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ செய்யும் திருமணம் செல்லும் என்பது தமிழ்நாட்டில் 1968 முதல் நடப்பில் இருக்கும் சட்டம். இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு அது. அரை நூற்றாண்டுக்கு முன்பே அரசு கைவிட்ட தாலிச் சோதனையை விடுதி மேசைகள் இன்னும் நடத்திக்கொண்டிருக்கின்றன.

திருமணம் ஆகாதவர்கள் என்றாலும் நிலைமை வேறில்லை. நடிகை குஷ்பு மீது தமிழ்நாடு முழுக்கத் தொடுக்கப்பட்ட 23 வழக்குகளை 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, வயதுவந்த இருவர் திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வது குற்றமாகாது என்பதைத் தெளிவாக்கியது. 2019 ஜூனில் கோவையில் ஒரு தங்கும் விடுதிக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். ஓர் அறையில் திருமணமாகாத ஜோடி இருந்தது, இன்னோர் அறையில் மதுப்புட்டிகள் இருந்தன என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். அந்த வழக்கில் 2019 டிசம்பரில் நீதிபதி எம்.எஸ்.ரமேஷ், திருமணமாகாத ஆணும் பெண்ணும் விடுதி அறையில் விருந்தினராகத் தங்குவதைத் தடுக்கும் சட்டமோ விதியோ எதுவும் இல்லை என்று தீர்ப்பளித்து, சீலை அகற்ற உத்தரவிட்டார்.

இந்தத் தீர்ப்பை முகநூலில் பகிர்ந்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அதில் ஒரு சந்து இருக்கிறது. தங்குவதைச் சட்டம் தடுக்கவில்லை என்றுதான் தீர்ப்பு சொல்கிறது. அறை கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தச் சந்து வழியாகத்தான் 2025 ஜனவரியில் ஓயோ நிறுவனம் மீரட்டில் தன் கூட்டாளி விடுதிகளுக்குப் புதிய விதியைக் கொண்டுவந்தது. உறவுக்கான சான்றைக் கேட்கலாம், திருமணமாகாத ஜோடிகளுக்கு அறை மறுக்கலாம் என்றது. உள்ளூர் உணர்வுகளை மதிக்கிறோம் என்று காரணமும் சொன்னது. உள்ளூர் உணர்வு என்றால் யாருடைய உணர்வு என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சாதியைக் காட்டி அறை மறுத்தால் அது சட்டவிரோதம். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கடைகள், உணவகங்கள், விடுதிகள் என்று பெயர் சொல்லியே அதைத் தடை செய்கிறது. ஆனால் இன்றைக்கு மேசையில் உட்கார்ந்து யாரும் சாதியைச் சொல்லி மறுப்பதில்லை. ‘ஃபேமிலி ஒன்லி’ என்கிறார்கள். ‘ஒரே அட்ரஸ் இல்லையே’ என்கிறார்கள். அட்டையில் இருக்கும் ‘காலனி’ மிச்சத்தைச் சொல்லிவிடுகிறது. ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் ஸ்டாலின் 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தார். என் ஆதாரில் அது இன்னும் இருக்கிறது.

தங்குமிடத்துக்கும் சாதிக்கும் உள்ள உறவு புதிதல்ல. திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் தங்கச் சாதிவாரியாக மடங்களும் சத்திரங்களும் கட்டப்பட்ட வரலாறு உண்டு. அண்ணல் அம்பேத்கர் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துத் திரும்பி 1917இல் பரோடா அரசுப் பணிக்குப் போனபோது, தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றின் பதிவேட்டில் பார்சிப் பெயர் எழுதித் தங்கினார். சில நாட்களில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேறச் சொன்னது. அடைக்கலம் கேட்ட நண்பர்களும் கைவிரித்தார்கள். பூங்காவில் நேரத்தைக் கழித்துவிட்டு ரயிலேறி பம்பாய்க்குத் திரும்பினார். விடுதிப் பதிவேடு என்பது இந்த நாட்டில் வெறும் பெயர் எழுதும் நோட்டாக ஒருபோதும் இருந்ததில்லை.

அதற்கு ஓராண்டு முன்பு, 1916இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் வாசித்த கட்டுரை சாதியின் உயிர்நிலை அகமணத்தில் இருக்கிறது என்று காட்டியது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் எங்களுக்கு நடந்தது புரியும். அகமணத்தைக் காக்க அரிவாள் மட்டும் போதாது. காதலர்கள் எங்கே சந்திக்கிறார்கள், எங்கே உட்கார்கிறார்கள், எங்கே தூங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்க ஆட்கள் வேண்டும். பூங்காவில் காவலாளி, பேருந்தில் நடத்துநர், வாடகை வீட்டில் உரிமையாளர், விடுதியில் வரவேற்பு மேசை. சம்பளம் வாங்காமல் சாதிக்காகக் காவல் பார்க்கும் வேலை இது.

வீடு பார்த்து முடித்த ஜோடிக்கு எல்லாக் கதவுகளும் தானாகத் திறக்கின்றன. சொந்தக்காரர் வீடு இருக்கிறது, மறுவீட்டு விருந்து இருக்கிறது, கொடைக்கானலில் தேனிலவு அறை இருக்கிறது. சாதி மறுத்துக் காதலிப்பவர்களுக்குச் சாத்திக்கொள்ளக்கூடிய கதவு என்பது வாடகை அறையில் மட்டும்தான் இருக்கிறது. அது கிடைக்காதவர்கள் திறந்தவெளிக்குத் தள்ளப்படுகிறார்கள். திறந்தவெளியில் என்ன நடக்கும் என்பதற்குக் கோகுல்ராஜ் சாட்சி. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் தோழியோடு பேசிக்கொண்டிருந்த அந்தப் பொறியியல் பட்டதாரி, தலித் என்பதற்காகக் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். உடலில் பாதியைப் பெண்ணுக்குத் தந்தவர் என்று கும்பிடப்படும் சாமியின் கோயில் அது. பார்வதிக்கு அந்தப் பாதி கிடைத்தது திருவண்ணாமலையில்தான் என்கிறது புராணம். கார்த்திகை தீபத்தன்று மலையில் தீபம் ஏற்றுவதற்குச் சற்று முன் அர்த்தநாரீஸ்வரர் சில நிமிடங்கள் வெளியே வந்து ஆடுவதைப் பார்க்க லட்சக்கணக்கில் கூடுகிறார்கள். கல்லில் இருந்தால் கும்பிடுவார்கள். கைகோத்து நடந்து வந்தால் சான்றிதழ் கேட்பார்கள்.

சாலைக்கு வந்ததும் இணையர் கேட்டார்: “அதைக் காட்டியிருந்தா இந்நேரம் மலையைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கலாம். ஓய்வெடுக்க வந்த இடத்துல எதுக்குப் போராட்டம்?” எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. களைப்பாக இருக்கிறவர்களுக்கு, துரத்தப்பட்டு வருகிறவர்களுக்கு, சான்றிதழைக் காட்டி உள்ளே போவதில் எந்த வெட்கமும் இல்லை. அவர்கள் காட்டட்டும். ஆனால் எங்களைத் துரத்தி யாரும் வரவில்லை. திரும்பிப் போக வீடு இருந்தது, படிப்பு இருந்தது. நாங்கள் அந்தக் காகிதத்தை நீட்டினால், கேட்டது சரிதான் என்று அந்த மேசைக்கு நாமே முத்திரை குத்திக் கொடுப்பதாகிவிடும். அடுத்து வரும் ஜோடியிடம் அந்தக் காகிதம் இருக்காது. கிளம்பி வந்த இரவில் யாரிடமும் அது இருக்காது. இதை அவரிடம் சொல்லி முடிக்க எனக்கு இரண்டு கிலோமீட்டர் ஆனது. அவர் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. இன்னும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அன்று சாயங்காலம் ஒரு வீட்டின் மாடியில் அறை கிடைத்தது. அந்த அம்மா பெயரும் போன் நம்பரும் வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் வாடகையை எண்ணி வாங்கினார். “கதவைச் சாத்தியே வையுங்க, குரங்கு வரும்” என்றார். அவ்வளவுதான். ஒரு கதவைப் பற்றி விருந்தினரிடம் சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

எல்லோருக்கும் அப்படி ஓர் அம்மா கிடைப்பார் என்று நம்பி இருக்க முடியாது. சாதி மறுத்து இணைவோருக்கு மாவட்டந்தோறும் தனிப் பிரிவுகள், 24 மணி நேர உதவி எண், பாதுகாப்பு இல்லங்கள் வேண்டும் என்று சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் வழிகாட்டியது. 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கவின் வெட்டிக் கொல்லப்பட்டார். அதன்பின் எழுந்த கோரிக்கைகளின் தொடர்ச்சியாக, ஆணவக் கொலைகளுக்கு எதிரான தனிச் சட்டத்துக்குப் பரிந்துரை செய்ய ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என அக்டோபரில் அரசு அறிவித்தது. கொலை நடந்த பிறகு தண்டிப்பதோடு அந்தச் சட்டம் நின்றுவிடக் கூடாது. கொலைக்கு முந்தைய இரவில் தங்க ஓர் அறை கிடைப்பதையும் அது உறுதி செய்ய வேண்டும். வயதுவந்த இருவரிடம் அடையாள அட்டைக்கு மேல் எதையும் கேட்கக் கூடாது என்று விதி வர வேண்டும். அரசே நடத்தும் ஓட்டல் தமிழ்நாடு விடுதிகளின் வரவேற்பில் அதை எழுதி மாட்டி அரசு தொடங்கி வைக்கட்டும். தனியார் விடுதிக்காரர்களுக்கும் காவல்துறை பற்றிய பயம் அதனால் குறையும்.

நம் பங்குக்கும் ஒரு வேலை இருக்கிறது. வார இறுதிக்கு அறை தேடும்போது ஜன்னலில் மலை தெரிகிறதா, கடல் தெரிகிறதா, காலைச் சாப்பாடு உண்டா என்று பார்க்கிறோம். பணம் கட்டும் முன் விடுதிக்கு ஒரு போன் போட்டு, “திருமணச் சான்று கேட்பீர்களா?” என்றும் கேளுங்கள். ஆம் என்றால் காரணம் கேளுங்கள், 2019 தீர்ப்பைச் சொல்லுங்கள், வேறு விடுதிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வையுங்கள். இல்லை என்று சொல்லும் விடுதியின் பெயரை நண்பர்களிடம் சொல்லுங்கள். கையில் சான்றிதழ் இருப்பவர்கள் முதலில் கேளுங்கள். இழக்க நமக்குத்தான் குறைவாக இருக்கிறது.