அமுதத்தில் யாருக்குப் பங்கு?



எங்கள் பந்திங் பக்கத்துத் தோட்டப்பள்ளியில் சென்ற வாரம் பாற்கடல் கடைந்த கதை சொன்னேன். மந்தர மலை மத்து. வாசுகிப் பாம்பு கயிறு. நஞ்சு கக்கும் தலைப்பக்கம் அசுரர்கள், வால்பக்கம் தேவர்கள். அமுதம் வந்ததும் மோகினி தேவர்களுக்கு மட்டும் பரிமாறினாள்.

"சார், ரெண்டு பக்கமும்தானே இழுத்தாங்க?" என்றான், செம்பனைக் குலை வெட்டுபவரின் மகன்.

எனக்குப் பதில் ஓடவில்லை. கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலில், 12ஆம் நூற்றாண்டுச் சிற்பத்தில், 92 அசுரர்களும் 88 தேவர்களும் இழுக்கிறார்கள். இழுத்த கைகளைச் சிற்பி மறைக்கவில்லை.

அசுரருக்குச் சாகாவரம் கிடைத்தால் உலகம் தாங்காது என்பார்கள் பெரியவர்கள். இருக்கட்டும். பங்கு உண்டென்று சொல்லித்தானே வேலைக்கு அழைத்தார்கள்? அகலிகையை வஞ்சித்த இந்திரன்தானே தேவர்களுக்கு அரசன்? புராணம் ஒளிக்காமல் சொல்கிறது. தேவர் என்றாலே நல்லவர் என்று, நாம்தான் அதை விழுங்கிவிடுகிறோம்.

கதையை நிறுத்தாதீர்கள், முழுதாகச் சொல்லுங்கள். பிள்ளை கேட்டால், "வாக்குத் தவறினால் தேவரானாலும் தவறுதான்" என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால், நாளை பெரிய மனிதர் ஒருவர் கூலியில் குறைத்தாலும் அவன் வாய் திறக்கமாட்டான்.