பழைய கிண்டிலும் பத்து வரி ஷெல்லும்

அலமாரியில் முடங்கிக் கிடக்கும் பழைய கிண்டிலைக் காயலான் கடைக்குப் போடும் முன் கொஞ்சம் யோசிக்கலாம். 2011இல் வந்த நான்காம் தலைமுறைக் கிண்டிலுக்குள் ஓடுவது லினக்ஸ். ஆறு அங்குலத் திரை, 600க்கு 800 புள்ளிகள், 16 சாம்பல் நிறங்கள், கூடவே வைஃபை. இதை ஜெயில்பிரேக் செய்து, அதாவது தயாரிப்பாளர் போட்ட மென்பொருள் பூட்டைத் திறந்து, வானிலை காட்டும் பலகையாகச் சுவரில் மாட்டியிருக்கும் ஆர்வலர்கள் பல நாடுகளில் உண்டு.

காரணம் அந்தத் திரைதான். எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் கருக்கொண்டு 1997இல் நிறுவனமாகி, இந்தத் திரையை உருவாக்கிய ஈ இங்க், தலைமுடியின் தடிமனே உள்ள நுண்குமிழ்களில் வெள்ளை, கறுப்புத் துகள்களை அடைத்தது. வெள்ளைக்கு நேர் மின்னூட்டம், கறுப்புக்கு எதிர். மின்புலம் எது மேலே வர வேண்டும் என்று தீர்மானிக்கும். வந்த துகள் வந்த இடத்திலேயே நிற்கும். படம் மாறும்போது மட்டும்தான் மின்சாரச் செலவு. மின்கலமே செத்துப்போனாலும் கடைசிப் படம் அப்படியே இருக்கும்.

அப்படியானால் சார்ஜைத் தின்பது யார்? வைஃபை. சும்மா விழித்திருக்கும் செயலியும் அதற்குத் துணை. ஆகவே கிண்டிலில் ஓடவிடும் ஷெல் ஸ்கிரிப்டின், அதாவது கட்டளை வரிகளின் தொகுப்பின், முதல் கடமை இவ்விரண்டையும் தூங்க வைப்பது.

படம் வரைவதை வீட்டிலுள்ள ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி பார்த்துக்கொள்ளும். கிரான் என்ற நேர ஒழுங்கி சொன்ன நேரத்தில் வானிலைத் தகவலை எடுத்து, சாம்பல் நிற பிஎன்ஜி கோப்பாக்கி வைக்கும். கிண்டில் எழுந்து, வைஃபையைப் போட்டு, டபிள்யூகெட் என்ற பதிவிறக்கக் கட்டளை மூலம் கோப்பை இழுத்து, ஈஐபிஎஸ் என்ற கட்டளையால் திரையில் ஏற்றும். பிறகு வைஃபையை அணைத்து, கடிகாரச் சில்லில் அலாரம் வைத்துவிட்டுத் தூங்கிவிடும். பத்துப் பன்னிரண்டு வரிகள் போதும்.

கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. வைஃபையைப் போட்ட மறுகணமே ஐபி முகவரி கிடைத்துவிடாது. அவசரப்பட்டால் டபிள்யூகெட் தோற்கும். அதனால் ஒரு வைல் சுற்றில் பிங் அடித்து, அதாவது இணைப்பு வந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்டு, காத்திருக்க வைப்பார்கள். அந்தச் சுற்றுக்கு எல்லை வைப்பது மிக முக்கியம். இல்லையென்றால், ரௌட்டர் அணைந்த இரவில் கிண்டில் விடியவிடிய பிங் அடித்தே மின்கலத்தைக் காலி செய்துவிடும். முப்பது முறை பார்த்துவிட்டுப் பழைய படத்தோடே தூங்கப் போவதுதான் நல்ல ஸ்கிரிப்ட்.

ஜெயில்பிரேக் வழி ஒவ்வொரு மாடலுக்கும் மென்பொருள் பதிப்புக்கும் வேறுபடும். புதிய பதிப்புகள் பழைய ஓட்டைகளை அடைத்துவிடுவதால், நெடுநாள் கிடந்த கருவியை இணையத்தில் இணைக்கும் முன்பே அமைப்புகள் பக்கத்தில் பதிப்பு எண்ணைப் பார்த்துக்கொள்வது நல்லது.