தொண்ணூற்றொன்பது பூக்களும் ஒரு புல்தரையும்

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களைத் தவறின்றி ஒப்பிக்கும் மாணவரைப் பாராட்டுகிறோம். அந்த வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே விரிந்து கிடப்பதோ கத்தரித்த கொரியப் புல்லும், பூக்கவிடாமல் வெட்டப்படும் வேலிச்செடிகளும். வளாகத்தை அழகுபடுத்துதல் என்று இதற்குப் பெயர். வண்டுக்கு இது பாலைநிலம்.

அப்பட்டியலில் உள்ள ஆவிரையை எடுத்துக்கொள்வோம். இன்று ஆவாரை என்கிறோம். அதன் மலரில் தேன் இல்லை, மகரந்தமே விருந்து. அதுவும் மகரந்தப்பைக்குள் அடைபட்டு, நுனித்துளை வழியே மட்டும் வெளிவரும். மரத்தைக் குடைந்து வாழும் கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு தன் உடலை அதிரச் செய்கையில் அது கொட்டுகிறது. அடைகட்டும் தேனீக்கு இந்த வித்தை கைவராது. ஆகவே ஆவாரையைக் களையென்று பிடுங்குகிறவர் வண்டின் உணவைப் பிடுங்குகிறார். பட்டமரத்தை வெட்டி எரிக்கிறவர் அதன் வீட்டை எரிக்கிறார். வண்டு போனபின் எஞ்சிய ஆவாரை காய்ப்பது எங்ஙனம்?

தேன் நிறைந்த அயல்பூக்கள் போதாவா என்பர் சிலர். உண்ணிச்செடியிலும் பட்டாம்பூச்சி தேன் குடிக்கத்தான் செய்கிறது. குடித்தபின் முட்டையிட எங்கே போகும்? வெந்தய வரியனின் புழுவுக்கு எருக்கிலை வேண்டும். கொன்றையிலையைத் தின்று வளரும் புழுக்களும் உண்டு. இலையில் ஓட்டை கண்டதும் மருந்துத் தெளிப்பானைத் தூக்குகிறவர்கள், பட்டாம்பூச்சி வரவில்லையே என்று வருந்துவது நகைப்புக்குரியது. அந்த ஓட்டைதான் பட்டாம்பூச்சி.

எருக்கு இழிந்த செடி, வாசலில் ஆகாது என்பது அடுத்த மறுப்பு. எருக்கம்பூவையும் கடவுள் மறுப்பதில்லை என்று புறநானூற்றில் பாடியவரும் இதே கபிலர்தாம். கடவுள் ஏற்றதைக் கல்லூரி நிர்வாகம் ஏற்கலாகாதா?

நாம் கேட்பது காட்டையன்று; வளாகத்தில் ஒரு மூலை. அதில் ஆவாரை, கொன்றை, தும்பை, எருக்கு. ஆபத்தில்லாத இடத்தில் ஒரு பட்டமரம். தெளிப்பானுக்குத் தடை. பாம்பு வரும் என்று அஞ்சுவோர் நடைபாதையை விட்டுத் தள்ளி நடட்டும். பெருஞ்செலவும் இல்லை, சாலையோரத்து ஆவாரையில் விதை கிடைக்கிறது.

இதையும் செய்ய மனமில்லையெனில், முதல், கரு, உரி என்று கருத்தரங்குகளில் சூழலியல் முழங்குவதையேனும் தமிழ்த்துறைகள் நிறுத்திக்கொள்ளட்டும். கருப்பொருளை வேரோடு பிடுங்கிய நிலத்தில் உரிப்பொருளைப் பற்றி நாம் என்ன பேசப்போகிறோம்?